ஜில்ஃபா கெய்தருக்கு முன்னால் ஒரு மிசஸ்

அமெரிக்காவின் தெற்கே, சவானா நகரத்து வெள்ளைக்காரர்கள் ஊரார் பெயர், விலாசமெல்லாம் போட்டு அச்சடிக்கும் டைரக்டரியில் கறுப்பர் பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் இருக்கும். அழகுக்கல்ல; மாட்டுக்குச் சூடு போடுகிற மாதிரிதான். வெள்ளைக்காரிக்கு மிசஸ் உண்டு, கறுப்புப் பெண்ணுக்கு வெறும் பெயர். பல் டாக்டர் தாடியஸ் புரூயிட்டைக்கூட அதில் டாக்டர் என்று போடவில்லை. மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. நமக்கென்று தனி டைரக்டரி போடுவோம் என்று தேவாலயத்தில் முழங்கினார்.

அதை நம்பித்தான் சலவைக்காரி ஜில்ஃபா, பெயர் எழுத வந்த பெண்ணிடம் 'மிசஸ் ஜில்ஃபா கெய்தர்' என்று நிதானமாகச் சொன்னாள். முறையாகக் கட்டிக்கொண்டு, முறையாக அடக்கமும் செய்த புருஷனின் பெயர் அது.

ஒரு வாரத்தில் அந்தப் பெண் தயங்கித் தயங்கித் திரும்பி வந்தாள். டாக்டர் மனைவிகளுக்கும் டீச்சர்களுக்கும் மட்டும்தான் மிசஸாம். சலவைக்காரிகளுக்கு வெறும் பெயர் போதுமாம். டைரக்டரி கமிட்டியின் முடிவு, அதாவது புரூயிட்டின் முடிவு. ஊருக்குத்தான் உபதேசம்! ஜில்ஃபாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஆத்திரம் வந்தது.

சனிக்கிழமை புரூயிட்டே வேலியோரம் வந்து நின்றார். கக்கத்தில் அச்சகத்துக்குப் போகவேண்டிய தாள்கட்டு. மறுநாள் தேவாலய விழாவுக்குப் போட அவருக்கிருந்த ஒரே நல்ல சட்டை அவளிடம் இருந்தது.

"ஜில்ஃபா, சட்டை ஆயிடுச்சா?"

அவள் துணியை அலசிக்கொண்டே இருந்தாள். அவர் மறுபடி கூப்பிட்டார். பக்கத்து முற்றங்களில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"பேரை மொட்டையா கூப்பிட வெள்ளைக்காரன் இருக்கான், டாக்டர். அதுக்கு நீங்க வேற தனியா புஸ்தகம் போடணுமா?"

புரூயிட்டின் முகம் சுண்டிவிட்டது. கௌரவம், தராதரம் என்று ஏதோ இழுத்தார். அவள் காதிலேயே வாங்கவில்லை. கடைசியில் தாளைப் பிரித்து, வேலிக்கட்டையில் வைத்து அவள் பெயருக்கு முன்னால் மிசஸ் என்று பென்சிலால் எழுதினார்.

"எனக்கு மட்டுமில்ல, இந்தத் தெருவுக்கே போடுங்க. என் கை ஈரம், தாளை நீங்களே பிடிங்க, படிக்கிறேன்."

அவர் தெருப் பெண்களுக்கெல்லாம் மிசஸ் எழுதிவிட்டுத் தாளைப் பிடித்தார். அவள் ஒவ்வொரு பெயராக அவசரமில்லாமல் படித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், வெள்ளிக்கிழமையே இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டையை எடுத்து வந்து நீட்டினாள். அவர் வாங்கியும் அவள் பிடியை விடவில்லை.

"எழுதினது சரி. வாயால ஒருதரம் சொல்லுங்க."

புரூயிட் தெருவைப் பார்த்தார். தெருவும் அவரைப் பார்த்தது.

"ரொம்ப நன்றி... மிசஸ் கெய்தர்."

அவள் சட்டையை விட்டாள்.