மாஸ்டர் பொண்டாட்டிக்கு ஒரு சாப்பாடு

சலவைக் கடையில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போட்டவளுக்குக் காலிரண்டும் மரத்துப் போயிருந்தன. வீட்டுக்குப் போய் அடுப்பு முன்னால் மறுபடி நிற்கணுமே என்று நினைத்ததும் அழுகை முட்டியது. போகும் வழியில்தான் அவள் புருஷன் சமைக்கிற ஓட்டல். ஊரே அவனை மாஸ்டர் என்று கூப்பிடும்.

கல்யாணமான நாளிலிருந்து மாஸ்டர் ஓதியது ஒன்றே ஒன்றுதான். "வெளிச் சாப்பாடு விஷம். நீ ஆக்குறதுதான் அமிர்தம்." அதை வேதவாக்காக நம்பியவள் அவள். யாராவது பார்சலோடு போனால்கூட உச்சுக் கொட்டுவாள். அமிர்தம் ஆக்கி ஆக்கி இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம்.

விறுவிறுவென்று உள்ளே போய் உட்கார்ந்தாள். சர்வர் பதறினான்.

"அண்ணி, மாஸ்டரைக் கூப்பிடட்டுமா?"

"அவர் எதுக்கு? சோறும் வறுத்த மீனும் கொண்டு வா."

சேதி அடுக்களைக்குப் போக, மாஸ்டர் கையைத் துடைத்தபடி ஓடி வந்தான்.

"எழுந்திரு. வீட்டுக்குப் போ."

"பசிக்குது. காசு குடுத்துதான் சாப்பிடப் போறேன்."

அவன் காதோரம் குனிந்தான். "மீன் வேண்டாம். எண்ணெய் முந்தாநாளுது."

பக்கத்து மேஜையில் ஒருவர் அதே மீனை முள் நீக்கிக் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். அவள் அந்தத் தட்டைக் காட்டினாள்.

"ஊரான் பிள்ளைக்கு ஆகும், உங்க பொண்டாட்டிக்கு ஆகாதா?"

"மெதுவாப் பேசு. ஓட்டல்னா அப்படித்தான்."

"அப்போ விஷம் வெளிச் சாப்பாட்டுல இல்ல, உங்க கையில இருக்கு. கொண்டு வாங்க, அதையே தின்னுட்டுப் போறேன்."

மாஸ்டர் உள்ளே திரும்பினான். அந்தக் குழந்தையின் தட்டையும் கையோடு எடுத்துப் போனான். பழைய எண்ணெய் மொத்தமும் வெளியே போனது. நெடுநேரம் கழித்துப் புது மீனோடு வந்தான், முதல் தட்டு குழந்தைக்கு. அவள் சுடச்சுட, யாருக்கும் பரிமாற எழுந்திருக்காமல், நிதானமாகச் சாப்பிட்டாள். அப்படிச் சாப்பிட்டதாக அவளுக்கு நினைவே இல்லை.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று கை கழுவப் போனாள்.

அதிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் அவள் அடுப்பு மூட்டவில்லை. நாத்தனார் நியாயம் கேட்க வந்தாள். "பொம்பளை ஓட்டல்ல தின்னா குடும்பம் விளங்குமா?"

"உங்க தம்பி ஓட்டல்ல ஆக்கித்தானே அண்ணி இந்தக் குடும்பம் விளங்குது!"

நாத்தனார் வந்த வழியே போனாள். ஓட்டல் முதலாளியை அப்படி அனுப்ப முடியவில்லை. ஒருநாள் அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கூடத்தில் நின்று கத்தினார். "எண்ணெய் என்ன தண்ணியாய்யா, இப்படி ஊத்திக் கொட்டுற?"

மாஸ்டர் கரண்டியோடு வெளியே வந்தான். "இந்தச் சட்டியில வறுக்குறதைத்தான் என் வீட்டுக்காரி சாப்பிடுறா. பழசுலதான் வறுக்கணும்னா வேற ஆளைப் பாத்துக்குங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகளெல்லாம் அப்படியே நின்றன. அத்தனை கண்களும் தன் மேல் இருப்பதைப் பார்த்த முதலாளி, முணுமுணுத்துக்கொண்டே கல்லாவுக்கு நகர்ந்தார்.

மாஸ்டர் கரண்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் அதைப் பார்த்தும் பார்க்காதவள் போல இன்னொரு மீன் கேட்டாள்.