மூன்றாக வெட்டிய சுருட்டு

"நான் சின்னவன். வயசு இருபத்திமூணு. இப்ப கிளப்புக்குப் பின்னாடி, காலி பாட்டில் கூடை அடுக்கியிருக்கற இடத்துல நிக்கறேன். மேடம் கூப்பிட்டு அனுப்பிட்டாங்க. உள்ள போறேன். யாரு இதைப் படிச்சாலும் கொஞ்சம் வேண்டிக்கோங்க."

ஃபோனிடம் வாயால் சொல்லி எழுத வைத்து, அதை அப்படியே குடும்பக் குழுவுக்கு அனுப்பினான் சின்னவன். பெயர், வயசு, நிற்கும் இடம் என்று ஆரம்பிப்பது விசா வரிசைகளில் நின்று நின்று ஒட்டிக்கொண்ட பழக்கம். "ஏன்டா, உன் வயசு எனக்குத் தெரியாதா? பெத்தவ நான்தானே?" என்று ஊரிலிருந்து அம்மாவும் கேட்டுப் பார்த்துவிட்டாள். பழக்கம் போகவில்லை. பயம் வந்தால் அதுவும் கூடவே வந்துவிடும்.

இந்தப் பயத்துக்குக் காரணம் ஒரு சுருட்டு.

கிளப்பின் சமையலறையில் அவனுக்குப் பாத்திரம் கழுவும் வேலை. சீசன் முடிந்தால் அந்த வேலை முடியும். வேலை முடிந்தால் விசாவும் மூட்டை கட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில்தான் மாடியில் இருக்கும் சுருட்டு அறைக்கு ஓர் உதவியாள் தேவை என்ற பேச்சு கிளம்பியது. நிரந்தர வேலை. அறையைப் பார்த்துக்கொள்ளும் மேடத்துக்குச் சமையலறையில் 'மூக்கு' என்று பெயர். படியேறி வருகிறவன் என்ன சோப்பு போட்டுக் குளித்தான் என்பதைக் கதவைத் திறக்காமலேயே சொல்லிவிடுவார் என்பது சமையல்காரர்களின் புகார். அவருக்குச் சின்னவனுடைய அக்கா வயசுதான் இருக்கும். பார்வை மட்டும் தலைமையாசிரியர் பார்வை.

சின்னவன் அவர் கண்ணில் பட்டது சாம்பல் கிண்ணத்தால். கழுவிய கிண்ணங்களை மேலே கொண்டுபோய் வைத்தபோது, வாய் சும்மா இல்லாமல், "ஜன்னல் ஓரமா உக்கார்றாரே, அவரு எப்பவும் பாதியிலேயே விட்டுடறாரு மேடம். அவருக்குக் குட்டையானதா குடுத்தா வீணாகாதே" என்று சொல்லிவைத்தான். சொன்ன மறுகணம் நாக்கைக் கடித்துக்கொண்டான்.  ஆனால் சனிக்கிழமை மேடம் அந்த வேலைக்காக அவனையும் பாரில் பரிமாறும் பையனையும் கூப்பிட்டு ஆளுக்கொரு சுருட்டு கொடுத்தார்.

"கியூபாவுல கையால சுருட்டினது. மெதுவா, முழுசா குடிச்சிட்டு வாங்க. என்ன தெரிஞ்சுதுன்னு எங்கிட்ட சொல்லணும். படிச்சிட்டு வந்து ஒப்பிக்கக் கூடாது, கண்டுபிடிச்சுடுவேன். ஆளுக்கு ஒண்ணுதான். ரெண்டாவது கிடையாது."

சின்னவன் அதைக் கைக்குட்டையில் சுற்றி, சட்டைப்பைக்குள் குருவிக் குஞ்சைப் போல் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஒரு சாண் நீளம். வறுத்த காபிக்கொட்டையின் நிறம். நரம்பு தெரியாத இலை, தடவினால் லேசாக எண்ணெய்ப் பிசுபிசுப்பு. ஒரு முனையில் அதே இலையைக் குட்டித் தொப்பி போல் ஒட்டியிருந்தார்கள். நடுவுக்குக் கொஞ்சம் மேலே பொன்நிறக் காகிதப் பட்டி.

வீடு என்றால் ஒரே ஒரு படுக்கையறை. அதில் அக்காவும் அவள் வீட்டுக்காரர் மாமாவும். கூடத்தில் அண்ணனும் சின்னவனும். அந்த வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு: உள்ளே எது வந்தாலும் பங்கு. வெட்டுகிறவன் கடைசியில் எடுக்க வேண்டும். சின்ன வயதில் ஒரே ஒரு ஆப்பிளுக்காக அண்ணனும் தம்பியும் மண்டையை உடைத்துக்கொண்ட நாளில் அம்மா போட்ட சட்டம். கடல் தாண்டி வந்தும் அது காலாவதியாகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று ஆண்களும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அந்தச் சுருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேடம் முழுசா குடின்னு சொன்னாங்க" என்றான் சின்னவன்.

"முழுசாத்தானே குடிக்கப் போறோம்? மிச்சமா வைக்கப் போறோம்?" என்றான் அண்ணன்.

"ஒருத்தன் மட்டும் குடிச்சா ஒரு நாக்கு. மூணு பேரு குடிச்சா மூணு நாக்கு" என்றார் மாமா. "பரீட்சைக்கு மூணு பேரு சேந்து படிக்கறதில்லையா? அது மாதிரி."

அந்தக் கணக்கு சின்னவனுக்கும் நியாயமாகவே பட்டது. தவிர, ஒரு பண்டத்தைத் தனியாக உட்கார்ந்து தின்று அவனுக்குப் பழக்கமே இல்லை.

"வீட்டுக்குள்ள பத்த வச்சீங்க, மூணு பேரையும் வெளிய வச்சுப் பூட்டிருவேன்" என்று சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "பால்கனிக்குப் போங்க. இருங்க இருங்க, காயற துணிய எடுத்துக்கறேன்."

அண்ணன் ரொட்டிக் கத்தியை எடுத்தான். அறுவை சிகிச்சை நிபுணரின் முகத்தை வைத்துக்கொண்டு அளந்து வெட்டினான். மேலிலை சடசடவென்று பிரிய ஆரம்பித்தது. நடுத்துண்டு பூ மாதிரி விரிந்துகொண்டு போவதைப் பார்த்து மாமா பதறி, காகிதப் பட்டியைக் கழற்றி அதன் இடுப்பில் மாட்டினார். "பெல்ட்டு போட்டாச்சு. இனி கழலாது."

சின்னவன் தொப்பி இருந்த துண்டை எடுத்தான். அதுதான் சுருட்டு மாதிரி இருந்தது. மாமா பெல்ட் போட்ட துண்டை எடுத்தார். வெட்டியவனுக்கு அடித்துண்டு.

பால்கனியில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. கீழே தெருவில் யாரோ காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மாமா முதல் இழுப்பை நெஞ்சு வரை இழுத்துவிட்டார். கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போல் இருமினார்.

"உள்ள இழுக்கக் கூடாதாம் மாமா. வாயிலேயே வச்சிருந்து விடணுமாம்."

"இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன? உன் அக்கா தாலிய நினைச்சுப் பாத்தியாடா?"

"எனக்குக் கேக்குது" என்றாள் உள்ளேயிருந்து அக்கா.

பிறகு புகையை வாயிலேயே வைத்து ருசி பார்த்தார்கள். அண்ணனுக்குப் பென்சில் சீவும் வாசனை வந்தது. கூடவே ஈர மரம், லேசான தித்திப்பு. மாமா இருமல் அடங்கியதும் கண்ணை மூடி யோசித்து, "வறுத்த காபிடா. சர்க்கரை போடாதது. அப்புறம் புதுச் செருப்புக் கடைக்குள்ள போனா ஒண்ணு அடிக்குமே, அது" என்றார். சின்னவனுக்குத் தேன் தெரிந்தது. ரொம்ப நாள் திறக்காத மர அலமாரியும் தெரிந்தது. மூவர் சொன்னதையும் மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். அடி, நடு, தலை. முழுச் சுருட்டும் கைக்குள் வந்துவிட்டது என்று அன்று நிம்மதியாகத் தூங்கினான்.

மறுநாள் காலை ரொட்டியைக் கடித்த அக்கா துப்பிவிட்டு, "இதுலயுமா சுருட்டு?" என்றாள். ரொட்டிக் கத்தியைப் பார்த்தாள். மூன்று பேரும் பெட்டிப் பாம்பாக அடங்கி ரொட்டியைத் தின்றார்கள்.

இப்போது அவன் பாட்டில் கூடைகளைத் தாண்டி, படியேறி, சுருட்டு அறைக்குள் வந்து நின்றான். சுவர் முழுக்க தேவதாரு மரத் தட்டுகள். காற்றின் ஈரத்தைக் காட்டும் வட்டமான கருவி ஒன்று. மதியச் சாப்பாட்டுக் கூட்டம் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. தோல் நாற்காலிகள் எல்லாம் காலி. பார் பையன் தன் பங்கைச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். சிரித்துக்கொண்டே இறங்கிப் போனதைச் சின்னவன் பார்த்தான். 

"சொல்லு" என்றார் மேடம்.

அவன் சொன்னான். ஆரம்பத்தில் பென்சில், ஈர மரம். நடுவில் காபி, புதுச் செருப்பு. மேடத்தின் புருவம் கொஞ்சம் உயர்ந்தது. செருப்பு அவருக்குப் பிடித்துவிட்டது போலிருந்தது. அவனுக்குத் தைரியம் வந்தது.

"கடைசியில?"

"தேன் மேடம். அப்புறம் பழைய மர அலமாரி. ரொம்ப மென்மையா இருந்துச்சு."

"மென்மையாவா?"

"ஆமா மேடம். சூடே இல்ல."

மேடம் நாற்காலியில் சாய்ந்து அவனைப் பார்த்தார்.

"இந்தச் சுருட்டு கடைசியில மென்மையா இருக்கவே இருக்காது. எரிய எரிய அதோட புகை மிச்சம் இருக்கற இலைக்குள்ள புகுந்து புகுந்துதான் வருது. அந்த எண்ணெயெல்லாம் கடைசித் துண்டுல போய்ச் சேரும். மிளகு மாதிரி உறைக்கணும். தலை லேசா கிறுகிறுக்கணும். உனக்குத் தேனா இருந்துச்சா?" முன்னால் குனிந்தார். "எத்தன பேரு?"

சின்னவன் திருதிருவென்று விழித்தான். பொய் ஒன்று தொண்டை வரை வந்து அங்கேயே மாட்டிக்கொண்டது.

"மூணு பேரு மேடம். அண்ணன், மாமா, நானு."

"மாத்தி மாத்தி இழுத்தீங்களா?"

"இல்ல மேடம். வெட்டிட்டோம். அடி அண்ணனுக்கு, நடு மாமாவுக்கு, தலை எனக்கு."

"எதால?"

"ரொட்டிக் கத்தியால."

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். யாரோ இறந்த செய்தியைக் கேட்டவர் போல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவர் தோள் லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று சின்னவனுக்குப் பிடிபடவில்லை.

"மூணு பேருமே ஆரம்பத்தத்தான் குடிச்சிருக்கீங்க" என்றார் கடைசியில். "முடிவ ஒருத்தரும் பாக்கல."

அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று நினைத்தான் சின்னவன். வேலை, விசா, கூடத்தில் விரித்திருக்கும் பாய், எல்லாம். "வர்றேன் மேடம்" என்று திரும்பினான்.

"எங்க போற? உக்காரு."

அவர் எழுந்து போய்த் தட்டிலிருந்து அதே ரகத்தில் ஒன்றை எடுத்துவந்தார். "ரெண்டாவது கிடையாதுன்னு சொல்லியிருந்தேன். இது என் பங்கு, நான் குடிக்க வச்சிருந்தது. குடி. பேசாத."

தொப்பியை மட்டும் மெல்லிசாகச் சீவிக் கொடுத்தார். சின்னவன் நெருப்பில் படாமல், நெருப்புக்கு மேலே பிடித்துச் சுழற்றி, நுனி சிவந்ததும் இழுத்தான். பென்சில் வந்தது. இது அண்ணனோடது என்று மனசு சொல்லியது. அவசரப்படாமல் இழுத்தான். புகை நாக்கின் மேல் படுத்து, உருண்டு, வெளியே போனது. சாம்பல் உதிரவில்லை. அடுக்கிவைத்த காசுகள் மாதிரி சாம்பல் நிறத்தில் நீண்டுகொண்டே போனது. காபி வந்தது. செருப்புக் கடை வந்தது. மாமா இருமுகிற சத்தம் காதில் கேட்பது போலிருக்க, சிரிப்பை அடக்கிக்கொண்டான். தேனுக்காகக் காத்திருந்தான். தேன் வரவே இல்லை.

பட்டியைக் கழற்றிய இடத்தைத் தாண்டி நெருப்பு இறங்கியபோது வாய்க்குள் வேறு ஏதோ நடந்தது. காபி கறுத்துக் கசந்தது. அந்தக் கசப்புக்கு அடியில் கோகோ மாதிரி ஒன்று தடித்துக் கிடந்தது. நாக்கின் ஓரங்களில் மிளகு. மூக்கு வழியாகக் கொஞ்சம் விட்டுப் பார்த்தான். கண்ணில் நீர் வந்தது. நெற்றியில் லேசான கிறுகிறுப்பு. முன்னால் வந்த எல்லாமே இதற்குள் இருந்தன, ஆனால் எதுவுமே பழைய மாதிரி இல்லை. அவன் உடம்பு தானாக நிமிர்ந்து உட்கார்ந்தது.

அதற்குள் கையும் தானாகச் சட்டைப்பைக்குள் போய்க் கைக்குட்டையைத் தேடியது.

"என்ன தேடற?"

"மிச்சத்தக் கொண்டுபோகலாமா மேடம்? அண்ணனும் மாமாவும் இதப் பாக்கல."

"கொண்டுபோக முடியாது. அணைச்சுட்டுத் திரும்பப் பத்த வச்சா வெறும் கரி நாத்தம்தான் வரும். இத இங்கதான் முடிக்கணும்."

சின்னவன் கையை வெளியே எடுத்தான். வீட்டில் மூன்று பேர் காத்திருக்க, ஒரு பண்டத்தின் மிகச் சிறந்த பகுதியை ஒரு தோல் நாற்காலியில் உட்கார்ந்து தான் மட்டும் தின்பது போலிருந்தது. ஆனாலும் குடித்தான். விரல் சுடுகிற வரை குடித்தான். நசுக்கப் போனவனை மேடம் தடுத்தார்.

"நசுக்காத. கிண்ணத்துல சும்மா வை. தானா அணையும்."

இருவரும் கடைசிப் புகை நூல் மாதிரி மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பார் பையன் நல்லாத்தான் சொன்னான்" என்றார் மேடம். "ஆனா அவன் சொன்னது பூரா அவன் நாக்கப் பத்தி. இந்த ரூம்ல நம்ம நாக்கு யாருக்கு வேணும்? வர்றவருக்கு எது ஒத்துக்குது, எதப் பாதியில வைக்கறாரு, அத ஞாபகம் வச்சுக்கறதுதான் வேலை. நீ மூணு பேரு வாயில இருந்ததக் கலக்காமக் கொண்டுவந்த. உங்க மாமாவோட செருப்ப நான் மறக்கமாட்டேன்." எழுந்துகொண்டார். "நாளையிலிருந்து மேல வந்துடு. வெள்ளைச் சட்டை போட்டுட்டு வரணும். இந்த ரூமுக்குள்ள கத்தி எதுவும் எடுத்துட்டு வரக் கூடாது."

சின்னவன் படியிறங்கிப் பாட்டில் கூடைகளுக்கு நடுவில் வந்து நின்றான். வாய்க்குள் மிளகு இன்னும் அணையவில்லை. ஃபோனை எடுத்தான்.

"நான் சின்னவன். வயசு இருபத்திமூணு. அதே பாட்டில் கூடை பக்கத்துலதான் நிக்கறேன், ஆனா நாளையிலிருந்து மாடியில. அம்மா, அழாத. அண்ணா, மாமா, நாம அன்னைக்கு முடிவு வரைக்கும் போகவே இல்லையாம். நான் இன்னைக்குப் போயிட்டு வந்தேன். உங்களுக்கு எடுத்துட்டு வர முடியல, அதுக்காகக் கோவிச்சுக்காதீங்க. முதல் சம்பளத்துல ஆளுக்கு ஒண்ணு முழுசா வாங்கறேன், யாரும் யாருக்கும் பங்கு குடுக்க வேண்டாம். எங்கிட்ட வெள்ளைச் சட்டை கிடையாது. மாமாவோடது எனக்குச் சரியா இருக்கும். இத யாரு முதல்ல படிக்கறீங்களோ, அத எடுத்து இஸ்திரி போட்டு வைங்க. அப்புறம் அந்த ரொட்டிக் கத்திய இன்னொரு தடவ கழுவிடுங்க, தயவுசெஞ்சு."