பெரியம்மா என்று சொல்ல வராதவன்

குழந்தைக்கு மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது, அவன் அம்மா, சின்னவள், அவனைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறையில் நின்றவள் அப்படியே மயங்கி விழுந்தாள். மடிக்காமல் குவித்து வைத்திருந்த துணிமேல் அவன் விழுந்ததால் ஒரு கீறல்கூட இல்லை. வீட்டு வேலையைத் தள்ளிப்போட்டது ஒரு தடவையாவது நல்லதுக்கு ஆயிற்று என்று அவள் கணவன் பிறகு சொல்லிச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குப் போக வேண்டிய மின்துடிப்பு நடுவழியில் நின்றுவிடுகிறது என்றார் டாக்டர். இடது தோளுக்குச் சற்றுக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள். காயம் ஆறும்வரை அந்தக் கையை உயரத் தூக்கக் கூடாது, கனம் எடுக்கக் கூடாது என்றார்கள். குழந்தையும் கனம்தானே. அதனால் அவள் அக்கா, பெரியவள், வந்தாள்.

பெரியவள் பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் மெஷின் ஓட்டுபவள். பிள்ளை இல்லை என்று கணவன் வீட்டில் பேச்சு முற்றி, பல வருஷங்களுக்கு முன்பே தனியாக வந்துவிட்டவள். லீவு சொல்லிவிட்டு ஒரு பையோடு வந்து இறங்கினாள். வந்த அன்றே குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்க வைத்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

காயம் ஆறிவிட்டது. இனிமேல் தாராளமாகத் தூக்கலாம் என்று டாக்டர் சொன்னார். பார்க்க வந்தவர்களெல்லாம் இனி உனக்கென்ன, நூறு வயசுக்கு கேரண்டி என்றார்கள். பஸ் ஓட்டும் கணவன், எங்கள் டிப்போவில் இருக்கிற வண்டிகளைவிட உன் பாட்டரிதான் புதுசு என்று கேலி செய்து பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்து அத்தோடு நிறுத்திக்கொண்டான்.

அவள் குழந்தையைத் தூக்கவில்லை. முதலில் வலிக்கிறது என்றாள். பிறகு அவன் உதைக்கிறான், உள்ளே இருக்கிற ஒயர் விலகிவிடும் என்றாள். விலகாது என்று நர்ஸ் பொறுமையாக விளக்கியதையும் கேட்டுக்கொண்டாள். தூக்கவில்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலைக்குத் திரும்பப் போகவில்லை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி வலது கை விரல்களை இடது மணிக்கட்டில் வைத்து நாடி பார்த்துக்கொண்டே இருந்தாள். துடிப்பு ஒழுங்காக இருந்தால், இது நானில்லை, அந்தப் பெட்டி என்று தோன்றியது. கொஞ்சம் தவறினால் உடம்பெல்லாம் வியர்த்தது. தோலுக்கடியில் மேடாகத் தெரிந்த அதைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்காமல், வெக்கையிலும் மேலே துண்டைப் போர்த்திக்கொண்டாள். அரைத் தட்டுச் சோறு உண்டாள். சில நாள் அதுவும் இல்லை.

கணவன் அலுப்பு என்று நினைத்தான். பெரியவள் செல்லம் என்று நினைத்தாள். செல்லம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அது தனக்கும் வேண்டியிருந்தது என்பதை அவள் அப்போது யோசிக்கவில்லை.

குழந்தை தவழ ஆரம்பித்து, எதையாவது பிடித்து நிற்கவும் கற்றுக்கொண்டான். ஒரு மத்தியானம் பெரியவள் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்று, அவள் முகத்தைப் பார்த்து, தெளிவாக "ம்மா" என்றான்.

பெரியவளுக்கு உடம்பு சிலிர்த்தது. உடனே நாற்காலிப் பக்கம் திரும்பி, "பெரியம்மான்னு சொல்ல வரலடி. அதான் பாதியை முழுங்கிட்டுச் சொல்றான்" என்றாள்.

சின்னவள் மெல்லப் புன்னகைத்தாள். எத்தனையோ மாதம் கழித்து வந்த புன்னகை.

"பரவால்லக்கா. உன்னையே கூப்பிடட்டும். நான் போனாலும் அவனுக்கு ஒரு அம்மா இருப்பா."

"எங்க போற நீ?"

"எங்கயும் இல்ல. இது ஓடுற வரைக்கும் இருப்பேன். ஆனா இருக்கிற மாதிரி இல்லக்கா. அன்னைக்கே விழுந்து போயிருந்தா உங்களுக்கெல்லாம் சுலபமா இருந்திருக்கும்."

கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொல்வதுபோல் அதைச் சொன்னாள். பெரியவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே தங்கையின் கணவனுக்குப் போன் செய்தாள். அவன் வண்டியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து சேர்ந்தான். அன்றே மூவரும் குழந்தையோடு மருத்துவமனைக்குப் போனார்கள்.

டாக்டர் தோள்மேல் கருவியை வைத்துப் பார்த்தார். எல்லாம் அருமையாக வேலை செய்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை என்றார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு டாக்டர். என் தங்கச்சிதான் நல்லா இல்ல" என்றாள் பெரியவள்.

டாக்டர் கருவியை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துச் சின்னவள் எதிரில் உட்கார்ந்தார். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, எதை நினைத்துப் பயம் என்று கேட்டார். பேஸ்மேக்கர் வைத்த நாளிலிருந்து அவளிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. மறுபடி விழுந்தால் கீழே துணி இருக்காதே என்று சொல்லத் தொடங்கியவள், முடிக்க முடியாமல் அழுதாள். பேஸ்மேக்கர் வைத்த பலருக்கு இப்படி ஆகிறது, இதுவும் ஒரு நோய்தான், இதற்கும் வைத்தியம் இருக்கிறது என்றார் டாக்டர். மனநல மருத்துவரிடம் அப்போதே அனுப்பினார். அன்றிலிருந்து அவளைத் தனியே விடக்கூடாது என்றும் கணவனிடம் சொல்லி அனுப்பினார்கள்.

மாத்திரைகள் மெதுவாகத்தான் வேலை செய்தன. வாரம் ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வந்தாள். தரையில் உட்கார்ந்தபடி குழந்தையை மடியில் வைத்துப் பழகச் சொன்னார்கள். பழகினாள். ஆனால் அவன் மடியில் தங்கவில்லை. பெரியவளின் குரல் அடுத்த அறையில் கேட்டாலே போதும், முதுகை வளைத்துத் திமிறி, அந்தப் பக்கம் கையை நீட்டி அலறினான். சின்னவள் கையைத் தளர்த்திவிடுவாள். அவன் போய்விடுவான். அவள் மறுபடி மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள்.

பெரியவள் இதைக் கதவோரம் நின்று பார்த்தாள். பலமுறை பார்த்தாள். சின்னவளுக்குச் சாப்பாடு இறங்கி, தூக்கம் வந்து, கணவனோடு சண்டைகூடப் போட ஆரம்பித்து, இனித் தனியே விடலாம் என்று டாக்டரும் சொன்ன பிறகு, பட்டறையில் ஆள் இல்லையாம், கூப்பிடுகிறார்கள் என்றாள். யாரும் கூப்பிடவில்லை என்று சின்னவளுக்குத் தெரியும்.

"போகாதேன்னு சொல்லமாட்டேன்க்கா" என்றாள்.

"சொல்லிடாத. சொன்னா இருந்துடுவேன்."

பெரியவள் குழந்தையைத் தங்கையின் மடியில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். அவன் அழுகை தெருமுனை வரை கேட்டது.

சின்னவள் அன்று கையைத் தளர்த்தவில்லை. பயம் போய்விட்டதனால் அல்ல. தூக்கிக்கொள்ள வேறு ஆள் இல்லை. அழுது ஓய்ந்தவன் அவள் தோளுக்குக் கீழே இருந்த அந்த மேட்டின் மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனான். வலித்தது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அதன்பிறகும் பல நாட்கள் அவன் ஒவ்வொரு கதவாகப் போய்ப் பார்த்தான்.

போனில் பேசினால் அவன் மறுபடி ஏங்கிவிடுவான் என்று பெரியவள் அவனிடம் பேசவே இல்லை. பட்டறையில் மிகச் சின்ன அளவுச் சட்டை வந்தால் மட்டும் பக்கத்து மெஷின்காரியிடம் தள்ளிவிடுவாள்.

அவன் ஓட ஆரம்பித்த பிறகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அப்போது சின்னவள் அரை நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மாத்திரை இன்னும் நிற்கவில்லை. சில நாட்கள் நாற்காலியை விட்டு எழ முடியாமலும் இருந்தது. வாசலில் பெரியவளைப் பார்த்ததும் அவன் ஓடிப்போய்ச் சின்னவளின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"பெரியம்மாடா. வா" என்று சின்னவள் முன்னால் இழுத்தாள். அவன் முகத்தை அவள் துணியில் புதைத்துக்கொண்டு, "ம்மா, யாரு?" என்று கேட்டான்.

"நல்லாப் பேச வந்துடுச்சே" என்று பெரியவள் சிரித்தாள். முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனாள். குழாய்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது. சின்னவள் மகனைத் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றாள். தட்டவில்லை.