செயின்சாவுக்குள் போன குரல்

அறுப்புக்காரரின் மனைவியுடைய குரலை, அவர் மரம் அறுக்கும் செயின்சா மெஷின் உறிஞ்சிக்கொண்டது ஒரு வியாழக்கிழமை, காலை ஏழேகால் மணிக்கு. அந்த அம்மாள் பேருந்து நிலைய அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று இருபத்திரண்டு வருடமாக மைக்கில் சொல்லி வந்தவர். அன்று வேலைக்குப் புறப்படும்போது, சமையலறை வாசலில் மெஷினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த கணவரிடம், "ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா? அந்த டேங்க் மூடியில..." என்று ஆரம்பித்தார். "மெஷினப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்றார் அறுப்புக்காரர். அம்மாளின் வாய் அசைந்தது, கை ஆடியது, சத்தம் மட்டும் சின்னதாக ஒரு உறிஞ்சலோடு டேங்க் பக்கம் போய்விட்டது. கோபித்துக்கொண்டாள் என்று நினைத்து அறுப்புக்காரர் மூன்று நாள் நிம்மதியாகவே இருந்தார்.

அந்த மெஷின் அவர்களுக்குக் கல்யாணமான வருடமே வாங்கியது. வயதாக ஆக டேங்க் மூடியில் பெட்ரோல் கசியத் தொடங்கியது. நாற்றம் குடலைப் புரட்டுகிறது, வெளியே கொட்டகையில் வையுங்கள் என்று அம்மாள் சொல்லாத நாளில்லை. கொட்டகை நாற்பதடி தூரம். தூக்கிக்கொண்டு நடக்க அறுப்புக்காரருக்குச் சோம்பல். அந்த வியாழனுக்குச் சில நாள் முன்பு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மூடியின் நடுவில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தது. மெழுகுவர்த்தியை உருக்கி அதை அடைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டார். பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும், அதற்காகத்தான் அந்த ஓட்டை என்பது அவருக்குத் தெரியாததல்ல. தூக்கி நடக்கச் சோம்பல்பட்ட மனது அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தது, அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து மெஷின் முதல் இழுப்பிலேயே கிளம்பும், ஒரு நிமிடம் ஒழுங்காக அறுக்கும், பிறகு கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிடும். டேங்கில் பெட்ரோல் தளும்பும், கார்புரேட்டரில் சொட்டுகூட இருக்காது. உள்ளே வெற்றிடம் கூடிக்கொண்டே போனது. மெழுகு காற்றைத்தான் தடுத்தது. காற்றைவிட மெல்லியவை தடையில்லாமல் புகுந்தன. முதலில் தேநீரின் மணம் போயிற்று. அடுத்து சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக். பிறகுதான் அம்மாளின் குரல். அவர் விஷயத்தைக் காகிதத்தில் எழுதிக் காட்டியபோது, கணவர் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் எழுத்துகள் வரிசையாகக் காகிதத்தைவிட்டு இறங்கிச் சமையலறை வாசலுக்குப் போய்விட்டன. அம்மாள் விரலால் மூடியைச் சுட்டிக் காட்டினார். மெஷினைத் தூக்கி எறியச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு அறுப்புக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் சும்மா இருக்கவில்லை. டேங்குக்குள் இருந்த பில்ட்டரை மாற்றினார். விறைத்துப்போன ரப்பர் டியூபை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றி அதன் குட்டிச் சல்லடையைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். வீட்டிலிருந்தது அம்மாளின் பிரஷ்தான். ஒவ்வொரு முறையும் மெஷின் ஒரு நிமிடம் ஓடி நின்றது. இதற்கிடையில் பேருந்து நிலையத்தில் அம்மாள் வழக்கம்போல மைக் முன்னால் உட்கார்ந்து வாயை அசைத்தார், வீட்டிலிருந்த டேங்க் அத்தனையையும் வாங்கிக்கொண்டது. பயணிகள் கிடைத்த வண்டியில் ஏறினார்கள். ஒரு பல் மருத்துவர் தப்பான வண்டியில் ஏறி, போய் இறங்கிய ஊரிலேயே கிளினிக் திறந்துவிட்டார். இன்றும் அங்கேதான் பல் பிடுங்குகிறார், நல்ல கூட்டம் என்று கேள்வி.

உண்மையைச் சொல்வதானால், இரண்டாவது வாரமே அறுப்புக்காரருக்கு மெழுகு ஞாபகம் வந்துவிட்டது. குளித்துக்கொண்டிருக்கும்போது வந்தது, செம்பு கையிலிருந்து விழுந்தது. ஆனால் மெழுகை எடுத்தால் அவள் சொல்ல வந்தது சரி என்றாகிவிடும். இருபத்திரண்டு வருடமாக அப்படி ஒன்று நடக்காமல் பார்த்துக்கொண்டவர் அவர். அதனால் தலையைத் துவட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போய், கார்புரேட்டருக்குள் பெட்ரோலை இழுத்துவிடும் மெல்லிய ரப்பர் தகட்டைப் புதிதாக வாங்கி வந்து பொருத்தினார். மெஷின் ஒரு நிமிடம் ஓடி நின்றது.

குரல் போன நாற்பத்தோராவது நாள் நிலைய மேலாளர் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர், செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஒண்ணாம் தேதியிலேருந்து பதிவு பண்ணின குரலப் போடச் சொல்லிட்டாங்க. நானும் எவ்வளவோ பேசிப் பாத்தேன்" என்றார். அவர் போனதும் அம்மாள் சமையலறையில் உட்கார்ந்து அழுதார். தோள் குலுங்கியது, கண்ணீர் வந்தது, விசும்பல் மட்டும் மெஷினுக்குள் போனது. அவள் தன்னைத் திட்டி அறுப்புக்காரர் கேட்டிருக்கிறார், சண்டை போட்டுக் கேட்டிருக்கிறார். அவள் அழுவதைக்கூடக் கேட்க முடியாது என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

போய் ஊசியை எடுத்து வந்து மெழுகைக் குத்தினார். ஸ்ஸ்ஸ் என்று ஐந்து நிமிடம் காற்று உள்ளே போயிற்று, உள்ளே இருந்தவை வெளியே வந்தன. வீடு முழுக்கத் தேநீர் மணத்தது. கடிகாரம் அத்தனை நாள் பாக்கியையும் மூச்சுவிடாமல் அடித்து முடித்தது. எழுத்துகள் வந்து சுவரில் ஒட்டிக்கொண்டன. கடைசியாக அம்மாளின் குரல் வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது: "...நீங்க வச்ச மெழுக எடுங்க. காத்து போகாம பெட்ரோல் எப்படிங்க வரும்?"

"ஆமா" என்றார் அறுப்புக்காரர். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அம்மாள் கேட்டது அதுவே முதல் தடவை. மேலாளர் தெருமுனையில் ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் அவரைக் கூப்பிட்டுத் திருப்பிவிட்டது அம்மாளின் குரல்.

மைக்கில் சொன்ன நாற்பத்தோரு நாள் அறிவிப்பு மட்டும் பெட்ரோலோடு கலந்துவிட்டது, பிரிக்க முடியவில்லை. இப்போது மெஷின் நாளெல்லாம் நிற்காமல் ஓடுகிறது. ஓடும்போது நடைமேடை எண்ணும் நேரமும் சொல்கிறது. எங்கே மரம் அறுத்தாலும் நாலு பேர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், வண்டியைப் பிடித்தும் விடுவார்கள். நேரம் மாறினால் அம்மாள் முதல் நாள் மாலை குனிந்து மூடியருகே சொல்லிவிடுவார். மூடி இன்னும் கசியத்தான் செய்கிறது. மெஷின் இருப்பது வெளியே, கொட்டகையில்.