மாடத்து மூத்தவள்

செத்தவள் மீது பொறாமைப்படுகிறவளை நீங்கள் பார்த்ததில்லை என்றால் என்னைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரிமாச்சிக்கு நான் இரண்டாம் தாரம். முதல் தாரம் எங்கும் போய்விடவில்லை. எங்கள் வீட்டுச் சுவர் மாடத்தில், முழங்காலை மடித்து, துணி சுற்றி, உலர்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செத்தவர்கள் இருக்கிறார்கள். மற்ற வீடுகளில் பாட்டன், முப்பாட்டன். என் வீட்டில் சக்களத்தி.

சோளத்தை வாயிலிட்டு மென்று துப்பிக் கள் காய்ச்சுவது நான். தாடை வலி எனக்கு, முதல் கோப்பை அவளுக்கு. விடிந்ததும் ரிமாச்சி அதை அவள் முன்னால் வைத்து, பட்டியில் லாமா குட்டி போட்டது, பனியில் போட்ட கிழங்கு நன்றாகக் காய்ந்தது என்று ஊர்க்கதை முழுவதும் சொல்வார். என்னிடம் பேச்சு "உப்பு இருக்கா?" என்பதோடு சரி. வருஷத்துக்கு ஒருமுறை அவளுக்குப் புதுத்துணி வேறு. அதை நெய்வதும் நான்தான். "அனாவாவுக்குச் செவப்புதான் புடிக்கும், கரையில பச்சை வேணாம்" என்பார். எனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று அந்த மனிதருக்கு இன்றுவரை தெரியாது.

அதனால்தான் பிக்குவிடம் போனேன். புண்ணியம் தேடிப் போகிறேன் என்று ஊரில் நினைத்தார்கள். நினைத்துக்கொள்ளட்டும். கடல் தாண்டித் தெப்பத்தில் வந்தவர்கள் புத்தரின் சொல்லை எங்கள் மலைக்குக் கொண்டுவந்து மூன்று தலைமுறை ஆகிறது. மேல்மலை விகாரையில் இப்போது இருப்பவர் எங்கள் ஊர்க்காரர்தான், லாமா மேய்த்தவர். உடலில் யாரும் தங்குவதில்லை, செத்தவர் அடுத்த பிறவிக்குப் போய்விடுகிறார் என்று அவர் சொன்னதும் எனக்கு அங்கேயே ஞானம் வந்துவிட்டது. அவர் பாத்திரத்தில் அவித்த கிழங்கை நிரப்பிவிட்டு, மறுநாள் ரிமாச்சியைக் கையோடு இழுத்துக்கொண்டு போனேன்.

மூன்று மாதம் விடாமல் இழுத்தேன். கடைசியில் ஒருநாள் ரிமாச்சி அழுதுகொண்டே மூத்தவளைத் தூக்கிப் போய் மலைக்குகையில் வைத்து, வாசலைக் கல்லால் அடைத்துவிட்டு வந்தார். நான் மாடத்தைக் கழுவி என் நூல்கண்டுகளை அடுக்கினேன். பாட்டுக்கூடப் பாடினேன்.

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. மாடத்தில் இல்லையென்றால் அவள் எங்கே இருக்கிறாள் என்று ரிமாச்சி கேட்க ஆரம்பித்தார். எங்கே வேண்டுமானாலும் பிறந்திருக்கலாம், தேடாதே என்றார் பிக்கு. எங்கள் ஆட்களுக்கு அது ஏறுமா? நிலமும் நீரும் சொந்தமும் இங்கே இருக்கும்போது ஒருத்தி வேறு ஊரில் போய் எதற்குப் பிறப்பாள்? யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொன்னார்கள். அப்போது எனக்கு ஐந்தாம் மாதம்.

பெண் பிறந்தது. ரிமாச்சி கையில் வாங்கினார், உற்றுப் பார்த்தார், "வந்துட்டியா" என்றார். மாடத்திடம் பேசிய அதே குரல். எனக்கு வலிகூட இன்னும் அடங்கவில்லை. குழந்தையைத் திருப்பி வாங்கவே தோன்றவில்லை.

அதன்பிறகு ஊர்க்கதையெல்லாம் தொட்டிலுக்குப் போனது. சிவப்புத் துணியும் தொட்டிலுக்கே போனது. பால் கொடுக்கும்போது அந்த முகத்தில் அவளைத் தேடுவேன். சக்களத்திக்கு என் பால். கொஞ்ச நேரம் பசித்து அழட்டும் என்று சில நாள் விட்டிருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன்.

பொறுக்க முடியாமல் பிக்குவிடம் ஓடினேன். இவள் அவள் இல்லை என்று என் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன்.

"இல்லன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் அவர். "அவரு நம்பணும்னு கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தது நீதான?"

எங்களில் இரண்டு வயதில் முதல் முடி வெட்டும்போதுதான் குழந்தைக்குப் பெயர். தாய்மாமன்தான் குழந்தையின் பெயரைச் சொல்லி ஒரு கொத்து வெட்டுவார். உடனே பெற்றவள் எதிரே நின்று அந்தப் பெயரால் கூப்பிட வேண்டும். அவள் கூப்பிட்டால்தான் பெயர் நிற்கும். என்ன பெயர் வைக்கலாம் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அண்ணன் மைத்தாவிடம் நானே கேட்டேன். மாப்பிள்ளை சொன்ன பெயர்தான் என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அப்போதே முடிவு செய்தேன், நான் வாயைத் திறக்கப் போவதில்லை. குழந்தை பெயரில்லாமல் இருக்கட்டும், ரிமாச்சி ஊர் முன்னால் தலைகுனியட்டும்.

அந்த நாளும் வந்தது. அண்ணன் "அனாவா" என்று சொல்லி வெட்டினார். ஊரே என் வாயைப் பார்த்தது. அந்தப் பெயரை நான் ஒருநாளும் உச்சரித்ததில்லை. மூத்தவள், பொணம், அது, இவ்வளவுதான். ரிமாச்சி குழந்தைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, பெயர் நின்றதும் வாரியெடுக்க இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு காத்திருந்தார்.

குழந்தை முடி போன இடத்தைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. அழுவதற்கு முன் கூட்டத்தில் சுற்றிச் சுற்றி என்னைத் தேடியது. அவரை அல்ல, என்னை.

"அனாவா, வாடி" என்றேன்.

விரித்த கைகளைத் தள்ளிவிட்டு ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ரிமாச்சி பின்னாலேயே வந்தார்.

"குடு, நான் தூக்கிக்கிறேன்."

அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் முகம் சுண்டிப்போனது. அது எந்த வலி என்று எனக்குத் தெரியாதா?

"அவ என்கிட்டதான் இருப்பாளாம்," என்றேன். "நீங்க போயி அண்ணனுக்குக் கள்ளு ஊத்துங்க."

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கொடுக்கவில்லை.