பால் கறக்கும் பிடி

"அப்போ டியூப் மாறலைன்ற?"

"மாறல கோபி. அந்தச் சந்தேகத்துலதான் போன வாரம் திரும்ப எடுத்தேன். ரெண்டாவது தடவையும் அதேதான் வந்திருக்கு."

"என்னாண்ட இன்னா சொன்ன நீ? ரத்தம் உறைஞ்சிட்ச்சு, இன்னொரு தபா குடுன்ன."

"வேற என்ன சொல்றது?"

"ரெண்டுல ஒண்ணு."

"ரெண்டுல ஒண்ணு."

"உன்னுது. இல்லாங்காட்டி என்னுது."

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் பைக்கை நிறுத்தி டீ வாங்கியிருந்தார்கள். காகிதக் கோப்பை கிருஷ்ணப்பிரியாவின் விரல்களிலிருந்து நழுவப் பார்த்தது. சட்டென்று இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். கோபி அதைப் பார்த்துவிட்டான். பார்த்ததை மறைக்க ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"குலுக்கல் சீட்டு கணக்கா கீதேக்கா," என்று சிரிக்க முயன்றான். சிரிப்பு வாயைத் தாண்டி வரவில்லை.

பூந்தமல்லிக்கு அப்பால் நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆய்வில் இருவரும் வேலை பார்த்தார்கள். நரம்பு மருத்துவர்கள் நோயைப் பார்த்தார்கள். மரபணுக் கூடத்தார் ரத்தத்தைப் பார்த்தார்கள். நர்ஸான கிருஷ்ணப்பிரியா, நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் வீட்டாரைப் பார்த்தாள். அரசியல் துறையில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் கோபி, ஒரு நோய் ஒரு குடும்பத்தின் செல்வாக்கை என்ன செய்தது என்று பார்த்தான். நான்கு துறைகளும் பார்த்தது ஒரே குடும்பத்தைத்தான். பழைய அயனம்பாக்கத்தில் வயலும் தோப்புமாக வாழ்ந்து, நிலமெல்லாம் அடுக்குமாடிகளாகிவிட்ட பிறகும் அதே தெருவில் இருக்கும் சம்பத்தின் குடும்பம்.

மருத்துவர்கள் ஹண்டிங்டன் என்று சொல்லும் நோயை அந்தத் தெருவில் ஆட்டம் என்றார்கள். பெரும்பாலும் நாற்பதை ஒட்டித் தொடங்கும். முதலில் விரல், பிறகு கால், பிறகு பேச்சு, கடைசியில் ஆள் இருக்கும், அவர் இருக்க மாட்டார். தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. குணமாக்க மருந்து இல்லை. சம்பத்தின் அண்ணன் பக்தவத்சலம் ஊராட்சித் தலைவராக இருந்தவர். அடுத்த தேர்தலில் மேடையேறியபோது கால் தள்ளாடியது. எதிரணிக்காரர்கள் குடிகாரன், குடிகாரன் என்று கூவினார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனிதர் டெபாசிட் இழந்தார். கோபியின் ஆய்வில் அதுதான் முதல் அத்தியாயம்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அந்தக் குடும்பத்தோடு சம்பந்தமில்லாத ஆரோக்கியமான ஆட்களின் ரத்தமும் ஆய்வுக்குத் தேவை. அதற்குக் கன்ட்ரோல் என்று பேர். மழை கொட்டிய ஒரு நாளில், வருவதாகச் சொன்ன இரண்டு பேர் வரவில்லை. "நம்மளே குடுத்துடலாம்க்கா, நமக்கு இன்னா கீது?" என்று கோபிதான் முதலில் சட்டைக் கையை மடித்தான். ஆய்வுக்கூடங்களில் வழக்கமாக நடக்கிற குறுக்குவழிதான். அவளும் நீட்டினாள்.

மரபணுக் கூடத்து நிவேதிதா போன் செய்தபோது, அது இவர்கள் ரத்தம் என்று அவளுக்குத் தெரியாது. "சிஸ்டர், அந்த மழைநாள் கன்ட்ரோல் ரெண்டு பேரும் யாரு? அந்தக் குடும்பத்து ஆளையே தெரியாம சேர்த்துட்டீங்களா? ஒண்ணுல நோய் இருக்கு" என்று சாதாரணமாகக் கேட்டாள். அவளிடம் இருப்பவை எண்கள் மட்டும். எந்த எண் யாருடையது என்பது பெரிய டாக்டர் ஞானசேகரனுக்கு மட்டுமே தெரியும். ரத்தம் கொடுத்தவர் நேரில் வந்து கேட்டால் அவரவர் முடிவை அவரவரிடம் சொல்வார். கேட்காதவரிடம் சொல்ல மாட்டார்.

"இன்னைக்குச் சாயங்காலம் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கேன்," என்றாள் கிருஷ்ணப்பிரியா.

"நீ கேட்டுக்கோக்கா. எனக்கு வேணாம். இருபத்தேழு வயசுல இத்த தெரிஞ்சிகினு நான் இன்னா பண்ணப்போறேன்?"

அவள் தலையாட்டினாள். தன் முடிவு தெரிந்தால் அவன் முடிவும் தெரிந்துவிடும் என்பது அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்திருந்தது. அவள் சொல்லவில்லை.

இன்னொன்றையும் அவள் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து அவள் வயிற்றில் ஒரு உயிர் தங்கியிருந்தது. அம்பத்தூர் ஃபிளாட்டில் கணவன் விக்ரம் ஸ்கேன் படத்தைப் போன் முகப்பில் வைத்துக்கொண்டு அலைகிறான். அவளிடம் அது இருந்தால் குழந்தையிடமும் இருக்கலாம். வயிற்றில் இருக்கும்போதே பார்த்துச் சொல்லச் சோதனை உண்டு. ஆனால் முதலில் தன்னுடையது தெரிய வேண்டும், அதுவும் சீக்கிரம். அவளுடைய அப்பா முப்பத்து மூன்றில் திண்டிவனம் சாலையில் போய்விட்டார். அவருக்கு நோய் வரும் வயது வருவதற்குள் லாரி வந்துவிட்டது. அதனால் யாரிடம் கேட்டும் பயனில்லை.

சம்பத்தின் வீட்டு வாசலிலேயே அவர் மனைவி கமலம் பிடித்துக்கொண்டாள்.

"வா சிஸ்டர். இன்னா மூஞ்சி வெளுத்துப் போய்க் கீது? ஊருல எல்லார் ரத்தத்தையும் உறிஞ்சுவ, இன்னிக்கு உன்னுத எவனாச்சும் உறிஞ்சிட்டானா?"

கோபி இருமினான்.

சம்பத் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். நழுவிவிடாமல் இடுப்பில் ஒரு துண்டு கட்டியிருந்தது. கால் தன்பாட்டுக்கு எதையோ உதைத்துக்கொண்டிருந்தது. கிருஷ்ணப்பிரியா எதிரே உட்கார்ந்து இரண்டு விரல்களை நீட்டினாள்.

"கெட்டியா பிடிங்கண்ணா. விட்றாதீங்க."

அவர் பிடித்தார். இறுகியது. தளர்ந்தது. மறுபடி இறுகியது. பால் கறக்கிற கை மாதிரி. இந்தப் பிடிக்கு மருத்துவப் புத்தகத்திலும் அதே பேர்தான். ஒரே அழுத்தத்தில் பிடித்திருக்க அந்தக் கையால் முடியாது, பிடித்திருப்பவருக்கு அது தெரியவும் தெரியாது. எத்தனையோ முறை இதைச் சோதித்துக் குறித்தவள், இன்று விரல்களை உருவிக்கொள்ள முடியாமல் உட்கார்ந்திருந்தாள். மாறுவது அவர் பிடியா, தன் விரலா?

"கிஷோரு சரின்னுட்டான்," என்றாள் கமலம், மகனைச் சொல்லி.

"என்ன?"

"ரத்தம் குடுக்கறேன்றான். ரெண்டு மாசமா கழுத்தறுத்தியே, தெரிஞ்சிக்கிட்டா பயம் போயிடும், தெரியாம இருக்கறதுதான் பயம்னு. சிஸ்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னுட்டான். அம்பத்தூர் எஸ்டேட்லதான் வேலையில கீறான். போன் போட்டா வந்துடுவான். எடுத்துக்கினு போ."

கிருஷ்ணப்பிரியா தன் பையைப் பார்த்தாள்.

"ஊசி எடுத்துட்டு வரலைக்கா. அடுத்த வாரம் பார்க்கலாம்."

பை நிறைய ஊசி இருந்தது. கமலம் பையைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள். எதிர்பாராமல் அவள் கையை எடுத்து, ஒரு கணம் தன் கைக்குள் வைத்துக்கொண்டு விட்டாள்.

"பாத்துப் போ சிஸ்டர்," என்றாள்.

வானகரம் வழியாகத் திரும்பினார்கள். பைக்கின் பின்னால் உட்கார்ந்து அவள் கோபியின் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். மெட்ரோ தூண்கள் ஒவ்வொன்றாக அவர்களைக் கடந்துபோயின. தண்ணீர் லாரி ஒன்று பக்கத்தில் உறுமியது. அந்த நேரம் பார்த்துப் பைக் ஒரு பக்கமாக வெட்டியது. அவள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"பள்ளம்க்கா," என்றான் கோபி திரும்பாமலே.

அவள் பள்ளம் எதையும் பார்க்கவில்லை. லாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் பார்க்காமல் போயிருக்கலாம். அல்லது பள்ளமே இல்லாமல் இருந்திருக்கலாம். அப்படி நினைத்ததும் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. மூச்சு லேசானது. எவ்வளவு சுகமாக இருந்தது அது! அதன் பிறகுதான் தான் எதை வேண்டிக்கொண்டோம் என்பது அவளுக்குப் புரிந்தது. தலைக்கவசத்துக்குள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். தன் முன்னால் உட்கார்ந்திருக்கும் இந்தப் பையனுடைய முதுகின் சூட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, அவனுக்கு இருக்கட்டும், அவனுக்கு இருக்கட்டும் என்று அவள் வேண்டியிருக்கிறாள்.

கல்லூரியில் நரம்பியல் துறை இரண்டாம் மாடி. ஞானசேகரனின் அறைக்கு வெளியே நீளமான இரும்பு பெஞ்சு. கோபி நூலகத்துக்குப் போவான் என்று நினைத்தாள். போகவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பைக் சாவியை விரலில் மாட்டிச் சுற்றினான். அவள் கண் அந்த விரலுக்குப் போயிற்று. சாவி நின்றது.

"எங் கையவே பாத்துக்கினு வந்த. கண்ணாடில தெரிஞ்சிச்சு."

"இல்ல கோபி..."

"நானும் உன்னுத பாத்தேன். டீ குடிக்கசொல்லோ." அவன் குரல் தாழ்ந்தது. "வானகரம் சிக்னல்லதான் எனக்கு உறைச்சுது. உனுக்கு இல்லைன்னு அவுரு சொன்னா, எனக்கு இருக்குன்னு சொன்ன மாதிரி. உன் மூஞ்சிய பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிடும். நீ சந்தோஷமா வெளிய வந்தா நான் இன்னாக்கா பண்ணுவேன்?"

உள்ளே போன் மணி அடித்து நின்றது. தாழ்வாரத்தின் கோடியில் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சிட்டது.

"எங்கப்பா கொரட்டூர்ல காய் வண்டி தள்ளிக்கினு இருந்தாரு. உன்னாண்ட சொல்லியிருக்கேன்ல."

"குடிப்பாருன்னு சொன்ன."

"ஊரே அப்படித்தான் சொல்லும். தள்ளாடுவாரு. தராசு புடிச்சா நிக்காது. வாய் குழறும். தெருவுல பசங்க பின்னாடியே நடந்து நடிச்சுக் காட்டுவானுங்க, நானும் சிரிச்சிருக்கேன். எங்கம்மா தாங்க முடியாம ஒரு நாளு, குடிகாரனுக்கு இந்த ஊட்ல எடமில்லன்னு கதவ சாத்திட்டா. ரெண்டே நாள்ல கொரட்டூர் ஸ்டேஷன்ல தண்டவாளத்தத் தாண்டசொல்லோ..." அவன் நிறுத்தினான். "குடிச்சிட்டு உழுந்தான்னாங்க. வாய மோந்து பாத்தவன் ஒருத்தன் இல்லக்கா. பக்தவத்சலம் கதைய எழுதினேன் பாரு, அந்த மேடை, குடிகாரன் குடிகாரன்னு கத்தினது. எழுதசொல்லோ எனக்கு ஒண்ணும் தோணல. இன்னிக்கு ஏரிக்கரைல நின்னுகினு கீறேன், அப்பதான் எங்கப்பாவோட நடை கண்ணு முன்னால வந்துச்சு."

கிருஷ்ணப்பிரியாவின் கை வயிற்றின் மேல் இருந்தது. எடுக்க நினைத்தாள். எடுக்க முடியவில்லை. அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. குழந்தையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். சொன்னால், தனக்காக எதையும் அவன் கேட்கவே மாட்டான், எழுந்து போய்விடுவான். சொல்லாவிட்டால் அவன் கேட்டுவிடுவான். எது பெரிய பாவம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கதவு திறந்தது. உதவியாளர் எட்டிப் பார்த்தார். "கிருஷ்ணப்பிரியா சிஸ்டர், டாக்டர் வரச் சொல்றாரு."

அவள் எழுந்தாள். கோபி எழுந்திருக்கவில்லை. அவளுடைய இரண்டு விரல்களை மட்டும் எட்டிப் பிடித்தான். இறுக்கமான பிடி. அவள் அசையாமல் நின்றாள். அது தளர்கிறதா என்று தன்னையறியாமல் எண்ண ஆரம்பித்தாள்.

"எங்கம்மா இன்னிக்கும் அந்தக் கதவ சாத்தினத நெனச்சு, பண்ணது சரிதான்னு தனக்குத் தானே சொல்லிக்கினு கீறாக்கா. அது ஒண்ணுதான் அவள நிக்க வச்சிக்கினு கீது. எனக்கு இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சா, என் மூஞ்சில அத்த அவ படிச்சிடுவா, தான் வெரட்டினது குடிகாரன இல்ல, சீக்காளியன்னு புரிஞ்சிடும். அவ கீற வரைக்கும்... நீ கேக்காதக்கா."