நடக்க இயலாதவர்களை முதலில்

அன்றைக்குக் காபியை அகல்யா தன் வீட்டு டம்ளரில் கொடுத்தார். பத்துப் பன்னிரண்டு வருஷமாக ரேணுகாவுக்கென்று ஒரு டம்ளர் பின்பக்கத்து ஜன்னல் கம்பியோரம் கவிழ்ந்து கிடக்கும். அதை அவளே எடுப்பாள், குடித்துவிட்டு அவளே கழுவிக் கவிழ்த்து வைப்பாள். யாரும் வாய்விட்டுச் சொன்ன ஏற்பாடு இல்லை, யாரும் மாற்ற நினைத்த ஏற்பாடும் இல்லை. இன்று பளபளவென்று டபரா செட்டே கைக்கு வந்ததும், ஏதோ காரியம் கேட்கப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"உட்காரு ரேணுகா."

"பரவால்லமா. பாத்திரம் கீது."

"பாத்திரம் எங்கே போகப்போகுது, உட்காரு."

ரேணுகா உட்காரவில்லை. கணவன் ஜஸ்டினுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்து அன்றுதான் மறுபடி வேலைக்கு வந்திருந்தாள். அழுது முடித்த முகம் என்பார்களே, அப்படி இல்லை அவள் முகம். அழுகை பாதியில் நின்றுபோன முகமாக இருந்தது.

"நாளைக்கு தாலுகா ஆபீஸ்லேருந்து வர்றாங்க," என்றார் அகல்யா. "முன்னாடியே அறிவிப்பு குடுத்தும் எப்படி ஒரு உயிர் போச்சுன்னு விசாரிக்கணுமாம். சாரைக் கேப்பாங்க. உங்க தெருவுலேருந்தும் ஒருத்தரைக் கேப்பாங்க. நீ வந்து சொன்னா நல்லா இருக்கும்னு சார் நினைக்கிறார்."

"இன்னாம்மா சொல்லணும்?"

"நடந்ததைத்தான். அன்னைக்கு மைக்ல சொன்னதை நீ கேட்டே இல்ல?"

"கேட்டேன்."

"அவ்வளவுதான். கேட்டேன்னு சொல்லு. நான் ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லலையே."

பொய் இல்லைதான். கால்வாய்க்கரைத் தெருவிலேயே அந்த அறிவிப்பைக் காதால் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

திருமுல்லைவாயிலில் அந்தப் பக்கம் இரண்டு தெருக்கள் உண்டு. மேட்டில் அம்மன் கோயில் தெரு. அங்கிருந்து வடக்கே இறங்கினால் கால்வாயை ஒட்டிக் கால்வாய்க்கரைத் தெரு. மேட்டுத் தெருவின் பாத்திரங்களும் துணிகளும் பள்ளத் தெருக்காரர்கள் கையில்தான் வெளுக்கும். அம்மன் தேர் மட்டும் மேட்டுத் தெரு முனையோடு திரும்பிவிடும். ஏன் என்று கேட்டால் வழக்கம் என்பார்கள். அதற்கு மேல் யாராலும் விளக்கம் சொல்ல முடிந்ததில்லை.

ஆனால் கோயில் விழாக் குழு ஒரு நல்ல காரியமும் செய்திருந்தது. பழைய பெருவெள்ளத்தில் கரண்ட் இல்லை, போன் இல்லை, எந்த ஏரி எப்போது திறக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஹேமநாதன்தான் யோசனை சொன்னார். கோயில் மைக் செட்டுக்குத் தனி பேட்டரி வாங்கினார்கள். தெருமுனைக் கம்பத்தில் நான்கு திசைக்கும் நான்கு கூம்பு ஸ்பீக்கர்கள் கட்டினார்கள். ஏரி திறக்கும் செய்தி ஹேமநாதனுக்கு வரும், அவர் மைக்கில் சொல்வார். டவர் போனாலும் அம்மன் மைக் பேசும் என்று சுற்றுப்பட்டு நகர்களில் எல்லாம் இதைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள். ஹேமநாதன் கெட்டவர் இல்லை. அகல்யாவின் கணவர் என்பதால் ரேணுகாவுக்கு அவரை நன்றாகவே தெரியும்.

அந்தப் புயல் நாளில் காலையிலேயே கரண்ட் போயிருந்தது. போனில் டவர் ஒரு கோடுகூட இல்லை. ரேணுகா வேலைக்குப் போகலாமா வேண்டாமா என்று வாசலில் நின்றாள். ஜஸ்டின் கட்டிலில் கிடந்தான். பாடி குடோனில் லாரியிலிருந்து லோடு இறக்கும்போது டிரம் உருண்டு, இடுப்புக்குக் கீழே ஒரு கால் முழுக்க மாவுக்கட்டு.

"போய்ட்டு வா. அந்தம்மாவுக்கு முட்டிவலி, தனியா இன்னா பண்ணும்? நான் எங்க எழுந்து ஓடிடப் போறேன்," என்று சிரித்தான். அவள் கடைசியாகக் கேட்ட சிரிப்பு அதுதான்.

மத்தியானம் அவள் வீட்டுக்குக் கிளம்பிக் குடையைக் கையில் எடுத்தபோது கோயில் மைக் கரகரத்தது. ஹேமநாதனின் குரல் மழையையும் மீறி வந்தது.

"பொதுமக்களின் கவனத்திற்கு. ஏரி நிரம்பி உபரி நீர் திறக்கப்பட்டுள்ளது. சற்று நேரத்தில் கால்வாய் கரை மீறும். தாழ்வான வீடுகளில் இருப்பவர்கள் உடனே பள்ளிக்கூட மாடிக்கு வந்துவிடுங்கள். நடக்க இயலாதவர்களை முதலில் அழைத்து வாருங்கள்."

மூன்று முறை சொன்னார். ரேணுகா செருப்பைக் காலில் மாட்டினாள்.

"ரேணுகா, இந்த அரிசி மூட்டையை மட்டும் மாடிக்கு ஏத்திட்டுப் போயேன்," என்றார் அகல்யா. "என்னால படி ஏற முடியலை."

அவள் தயங்கினாள். தயங்கத்தான் செய்தாள். ஆனால் நடக்க இயலாதவர்களை முதலில் என்று சொல்லியாகிவிட்டதே. பக்கத்து வீட்டு நிர்மல் இந்த மழையில் ஆட்டோ எடுத்திருக்க மாட்டான், வீட்டில்தான் இருப்பான். ஜஸ்டினை மாமா மாமா என்று கூப்பிடுகிறவன். அந்த வரியைக் கேட்டதும் முதலில் மாமாவைத்தான் தூக்குவான். இந்நேரம் பள்ளிக்கூட மாடியில் உட்கார்ந்துகொண்டு டீ எங்கே என்று இந்த மனுஷன் சத்தம் போட்டுக்கொண்டிருப்பான் என்றுகூட அவள் நினைத்தாள். நினைத்து மனதுக்குள் சிரித்துக்கொண்டாள்.

அரிசி மூட்டை மேலே போனது. பிறகு பருப்பு டின்கள், தையல் மிஷின், சாமி படங்கள். சாமி படங்களை மட்டும் அகல்யா தானே முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏற்றினார்.

எல்லாம் முடித்து ரேணுகா ஓடினாள். வீட்டுக்கு ஓடவில்லை. நேராகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். மாடியில் ஜனங்கள் பாய் விரித்திருந்தார்கள், ஒரு மூலையில் உப்புமா வெந்துகொண்டிருந்தது. அத்தனையும் மேட்டுத் தெரு முகங்கள். அவள் தெரு ஆள் ஒருத்தர்கூட இல்லை. இரண்டாவது தடவையும் சுற்றிப் பார்த்துவிட்டு அவள் படியில் தாவி இறங்கினாள்.

தெரு இறக்கத்துக்கு அவள் வந்தபோது தண்ணீர் அங்கே மார்பளவு ஓடிக்கொண்டிருந்தது. தகரக் கூரைமேல் மழை இரைச்சலில் எதுவும் தெரியாமல் இருந்துவிட்டு, கதவிடுக்கில் தண்ணீர் வந்த பிறகே வெளியே பாய்ந்தவர்கள் பிள்ளைகளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நிர்மலின் இரண்டு தோளிலும் இரண்டு குழந்தைகள்.

"மாமா எங்கடா?"

"வரேங்கா, இதுங்கள வுட்டுட்டு திரும்பப் போறேன்," என்றான். திரும்பப் போனான். பாதி வழியில் தண்ணீர் அவனைத் தூக்கி அடித்தது, ஒரு கம்பத்தைப் பிடித்துத் தப்பினான். ரேணுகாவை நாலு பெண்கள் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். தெருவின் கடைசி வீடு அவளுடையது. அங்கிருந்து ஒரு குரல் வந்ததா, இல்லை மழைதானா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அடக்கத்தன்று அவள் நிர்மலின் சட்டையைப் பிடித்தாள். "அவ்ளோ சத்தமா சொன்னாங்களேடா. நடக்க முடியாதவங்கள மொதல்லன்னு மூணு தபா சொன்னாங்களே. காதுல இன்னா வச்சிகினு இருந்த?"

நிர்மல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். எல்லோரும் போன பிறகு அவளைத் தெருமுனைக் கம்பத்தடிக்குக் கூட்டிப் போனான். கிழக்கே ஒரு கூம்பு இருந்தது. தெற்கே ஒன்று, மேற்கே ஒன்று. வடக்குப் பக்கம் துருப்பிடித்த கிளாம்பு மட்டும் இருந்தது.

"ஆடில கழட்டிட்டாங்கக்கா. என் காதுல வியுந்திருந்தா மாமாவ வுட்டுட்டு வருவனா?"

ஆடித் திருவிழாவுக்கு முன்னால் பள்ளத் தெரு இளைஞர்கள் வரிப் பணத்தோடு கோயிலுக்குப் போனார்கள். எங்களிடமும் வரி வாங்குங்கள், தேர் எங்கள் தெருவுக்குள்ளும் வரட்டும் என்றார்கள். வழக்கத்தில் இல்லை என்று குழு பணத்தைத் தொட மறுத்தது. வாய்த்தகராறு ஆனது. இரண்டொரு நாளில், வரி கொடுக்காத தெருவுக்கு ஸ்பீக்கர் எதற்கு என்று வடக்குக் கூம்பைக் கழற்றிவிட்டார்கள். கொடுத்ததை வாங்காதவர்கள் அவர்களே, கொடுக்காதவர்கள் என்று பெயர் வைத்தவர்களும் அவர்களே. அந்த ஆடியில் ஜஸ்டின், "இந்த வருஷம் பாட்டு சத்தமே இல்ல, காது நிம்மதியா கீது," என்று சொன்னது ரேணுகாவுக்கு ஞாபகம் வந்தது. போலீஸ் சத்தத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டாள். பகலெல்லாம் மேட்டுத் தெருவில் இருப்பவளுக்குப் பாட்டு எப்போதும்போலக் கேட்டுக்கொண்டுதானே இருந்தது.

"என்ன ரேணுகா, வருவே இல்ல?" என்றார் அகல்யா.

"வரேம்மா."

டபராவிலிருந்த காபியை ரேணுகா எடுத்துப் போய், ஜன்னலோரம் கவிழ்ந்திருந்த தன் டம்ளரில் ஊற்றிக் குடித்தாள். பிறகு இரண்டையும் கழுவி, அவரவர் டம்ளரை அவரவர் இடத்தில் வைத்தாள். அகல்யா பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் காலை கம்பத்தின் வடக்குப் பக்கம் புத்தம்புதுக் கூம்பு ஒன்று பளபளத்தது. கோயில் வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள். வந்த அதிகாரி இளவயதுப் பெண். ஹேமநாதன் நிதானமாக, நடந்தது நடந்தபடி சொல்லிக்கொண்டு வந்தார். பேட்டரி, மைக், மூன்று முறை அறிவிப்பு. சொன்ன ஒவ்வொன்றும் உண்மை.

"மேடு பள்ளம்னெல்லாம் நாங்க பாக்கறதில்ல மேடம். எல்லாருக்கும் சேர்த்துதான் சொன்னோம். இவங்ககிட்டயே கேளுங்க, இறந்துபோனவரோட மனைவி."

அதிகாரி எழுந்து வந்து ரேணுகாவின் அருகில் நின்றார். "அன்னைக்கு அறிவிப்பு உங்களுக்குக் கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு மேடம். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு."

ஹேமநாதன் மூச்சு விட்டார்.

"சார் ஊட்ல இருந்தேன், அதனால கேட்டுச்சு. அரிசி மூட்ட ஏத்திகினு இருந்தேன். எங்க தெருவுல யாருக்கும் கேக்கல. எங்க பக்கத்து ஸ்பீக்கர ஆடில கழட்டிட்டாங்க. எங்க வரி வேணாம்னு சொன்னாங்கல்ல, அப்போ."

"மேடம், அதோ இருக்கு பாருங்க ஸ்பீக்கர்," என்றார் ஹேமநாதன்.

"அது நேத்து சாயங்காலம் மாட்னது," என்றாள் ரேணுகா. அவள் குரல் ஏறவே இல்லை.

அதிகாரி புதுக் கூம்பையும் அதற்குப் பக்கத்திலிருந்த பழைய கூம்புகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

"அவ துக்கத்துல இருக்கா மேடம், என்ன பேசறோம்னு..." என்று ஹேமநாதன் ஆரம்பித்தார்.

"சார்," என்றாள் ரேணுகா. "அந்த மைக்க ஒரு தபா குடுங்க. புச்சா மாட்டிகீறீங்க. எங்க தெருவுக்குக் கேக்குதா இல்லியான்னு பாக்க வேணாமா?"

அந்த மைக்கைப் பள்ளத் தெருக்காரர் யாரும் இதுவரை கையில் பிடித்ததில்லை. ஹேமநாதன் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். ஹேமநாதன் படிக்கட்டுக்கு மேலேயே நின்று, ஒயரை நீட்டி, மைக்கைக் கீழே கொடுத்தார்.

ரேணுகாவுக்கு எழுத்துத் தமிழ் பேசி வழக்கமில்லை. ஆனால் இந்த ஒன்று மட்டும் தலைகீழாகப் பாடம். முப்பது நாளும் தூக்கத்தில்கூட ஓடியது அதுதான்.

"பொதுமக்களின் கவனத்திற்கு. ஏரி நிரம்பி உபரி நீர் திறக்கப்பட்டுள்ளது. சற்று நேரத்தில் கால்வாய் கரை மீறும்."

நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இறக்கத்தின் கீழே கால்வாய்க்கரைத் தெருவில் கதவுகள் திறந்தன. ஒருத்தி வானத்தைப் பார்த்தாள், பார்த்தபடியே பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"தாழ்வான வீடுகளில் இருப்பவர்கள் உடனே பள்ளிக்கூட மாடிக்கு வந்துவிடுங்கள்."

நிர்மல் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவன், துணியோடு நிமிர்ந்தான்.

"நடக்க இயலாதவர்களை," என்ற இடத்தில் ரேணுகா நின்றாள். மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டு முடித்தாள். "முதலில் அழைத்து வாருங்கள்."

கீழே நிர்மல் ஓடினான். யோசித்து ஓடவில்லை, கால் தானாக ஓடியது. தெருவின் கடைசி வீட்டுக்கு ஓடி, பூட்டு தொங்கிய கதவின்மேல் இரண்டு கையையும் வைத்து நின்றான். அப்படியே தலை கவிழ்ந்தான்.

ரேணுகா அதைக் கடைசிவரை பார்த்தாள். பிறகு மைக்கை ஆஃப் செய்து, படிக்கட்டின் மேல் வைத்தாள்.

"நல்லா கேக்குது சார்," என்றாள்.